பேஸ் கிட்டார் வாங்கப்போகும் வேதாரண்யத்துப் பிள்ளைகளுக்கு

வேதாரண்யம், தோப்புத்துறை, ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், தேத்தாகுடி, ஆயக்காரன்புலம் என நம் சுற்றுப்பட்டு ஊர்களில் மெல்லிசைக் குழுவுக்கோ தேவாலயப் பாடற்குழுவுக்கோ பேஸ் கிட்டார் எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு,



“என்ன பேஸ் வாங்கலாம்ணே?” என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தோடு வருகிறீர்கள். ஒருவர் காட்டுவது ஐந்து கம்பி, உள்ளே பேட்டரி, முகப்பில் வரிசையாகத் திருகுகள் கொண்ட புது மாதிரி. இன்னொருவர் காட்டுவது 1950, 60-களின் சாயலில் செய்த பழைய மாதிரி. நான்கு கம்பி, இரண்டு மூன்று திருகு, அவ்வளவுதான். எது நல்லது என்று ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மாதிரி நான்கு கம்பி பேஸை வாங்குங்கள். கையில் இருக்கும் பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொட்டாமல் ஒரு பங்கை நல்ல கம்பிக்கும் செட்டப்புக்கும், அதாவது கழுத்து, கம்பி உயரம், சுருதி எல்லாவற்றையும் சரிசெய்யும் வேலைக்கும், வையுங்கள். அந்த செட்டப் வேலையை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். நாம் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருப்பவர்கள். கடையில் ஒருமுறை சரிசெய்து வாங்கி வந்தது இங்கே அடுத்த பருவம் வரைகூட அப்படியே நிற்காது. அதனால் மூன்றிலும் மூன்றாவதுதான் முக்கியம்.

பழைய மாதிரி என்று நான் சொல்வதற்கு ஒரு மூலம் இருக்கிறது. கலிபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்த கலைஞர்களின் கஷ்டம் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பியின் நீளத்தை 34 அங்குலம் என்று வைத்தார். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு. 1957-ல், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்துச் சற்று விலக்கிப் பொருத்தினார். 1960-ல் மெல்லிய கழுத்தும் இரண்டு பிக்கப்பும் கொண்ட ஜாஸ் பேஸ் வந்தது. பிறகு வந்த பெரும்பாலான பேஸ்கள் இந்த இரண்டின் வழியில்தான் பிறந்தன. ஃபெண்டர் நிறுவனமே ஸ்குவையர் என்ற பெயரில் குறைந்த விலையில் இந்தப் பழைய வடிவங்களைச் செய்கிறது. வேறு கம்பெனிகளும் செய்கின்றன. தலையில் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்பதைக் கடைசியில் பாருங்கள்.

இந்த இரண்டில் எது என்பதை நம் மேடையை வைத்து முடிவு செய்யுங்கள். கோயில் திருவிழாவில் நமக்குக் கிடைக்கும் மின்சாரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். ஒரே ஜெனரேட்டரில் சீரியல் செட்டும் டியூப் லைட்டும் மைக் செட்டும் ஓடும். ஒற்றைச் சுருள் பிக்கப் அந்த இரைச்சலை எல்லாம் இழுத்து ‘ம்ம்ம்’ என்று பெட்டியில் கொட்டும். பிரிசிஷனின் 1957 பிக்கப் அப்படி இரையாது. அதன் இரண்டு துண்டுகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றில் ஏற, மற்றதில் இறங்கி அழிந்துவிடும். ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூமையும் ஒரே அளவில் வைத்தால்தான் இந்தப் பலன். ஒன்றைக் குறைத்தீர்களோ, இரைச்சல் எழும். ஆகவே திறந்தவெளிக் கச்சேரிதான் உங்கள் பிழைப்பு என்றால் பிரிசிஷன். விரல் குட்டை, கழுத்து மெல்லியதாக வேண்டும் என்றால் ஜாஸ். தலைப்பக்கத்தில் ஜாஸின் கழுத்து 38 மில்லிமீட்டர் அகலம். பிரிசிஷனில் 42 முதல் 44 வரை வரும். நாலைந்து மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பிடித்துப் பார்த்தால் கை சொல்லும்.

பேட்டரி உள்ள பேஸ் தவறான கருவி அல்ல. ஆனால் நள்ளிரவு தாண்டி ஓடும் கச்சேரியில், பக்கத்தில் கடை எதுவும் திறந்திராத ஊரில், ஒன்பது வோல்ட் பேட்டரி தீர்ந்தால் கையில் இருப்பது வெறும் மரம். பேட்டரி இல்லாத பழைய மாதிரியில் அந்தப் பயம் இல்லை. ஜாக் போனாலும் ஒயர் விட்டாலும் ரேடியோ பழுதுபார்க்கத் தெரிந்த எவரும் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும் சின்னக் கைக்காரர்களுக்கும் இன்னொரு வழி உண்டு. 30 அங்குலக் குட்டைக் கழுத்து பேஸ். 1966-ல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் அப்படிப்பட்டது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கையில் பார்த்திருப்பீர்களே, வயலின் வடிவத்தில் ஒன்று, அந்த ஹாஃப்னரும் குட்டைக் கழுத்துதான். குட்டையானது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதிப் பாடலில் மணிக்கட்டு வலித்து நிறுத்துவதைவிட, கைக்கு ஏற்ற கருவியில் தாளம் தவறாமல் முடிப்பது மேல்.

பிறர் பயன்படுத்திய கருவியை வாங்குகிறவர்கள் நான்கு இடத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கழுத்தைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். முறுக்கியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ட்ரஸ் ராடு, அதாவது கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி, இரு பக்கமும் கொஞ்சம் திரும்புகிறதா என்று விற்பவரை விட்டே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்ன உருளைகளின் திருகுகளில் துரு ஏறியிருக்கிறதா பாருங்கள். கடைசியாக வால்யூமைத் திருப்பிக் கேளுங்கள். கரகரவென்றால் பயப்பட வேண்டாம், காண்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். பெயின்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை, ஃப்ரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டு, தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கழுத்து மட்டும் கெட்டிருக்கக் கூடாது.

அந்தக் கழுத்தின் மேல் ஒட்டிய கறுத்த விரல்பலகையைத் தடவிப் பாருங்கள். பல கிட்டார்களில் அது நம் ஈட்டி மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது, உலகம் முழுக்கக் கிட்டார் செய்கிறவர்கள் தேடி வாங்குவது. அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. வேண்டாம். பிசுக்கு ஏறித் தூசி சேரும். உலர்ந்த பருத்தித் துணி போதும்.

இனி உப்புக்கு வருகிறேன். அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பு வாரும் மாதங்களில் காற்றை நாக்கிலேயே உணரலாம். அந்த உப்புத்துகள் கம்பியில் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாவிட்டாலும் இரும்பு துருப்பிடிப்பது இதனால்தான். 2018 நவம்பரில் கஜா புயல் ஓடுகளைப் பிய்த்தெறிந்த பிறகு, நனைந்து கிடந்த கிட்டார்களைப் பிரித்துப் பார்த்தேன். மரம் பெரும்பாலும் தப்பியிருந்தது. போனதெல்லாம் திருகு, ஜாக், கம்பி.

இந்த ஊருக்குப் பழைய மாதிரிதான் பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் கம்பியும் ஒரு காரணம். இப்போது கடையில் போட்டுத் தருவது உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் வியர்வையும் உப்பும் போய் உட்கார்ந்துகொள்ளும். புதிதில் மணி மணியாய் ஒலிக்கும், சீக்கிரமே செத்துவிடும். 1950-களில் மின் பேஸ்களில் இருந்தது ஃப்ளாட்வவுண்ட். பட்டையான நாடாவைச் சுற்றியது. மேல்புறம் வழவழவென்று இருக்கும், அழுக்கு தங்க இடம் குறைவு. ஒலி கொஞ்சம் மங்கல், ஆனால் அடித்தளத்தில் ‘தும்’ என்று இறங்கும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் கம்பெனிக்கு 1960-களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடம் இருந்தது 1962 பிரிசிஷன். அதில் கனமான லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட். அறுந்தால் தவிர அவர் கம்பி மாற்றவே மாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் நுரைப்பஞ்சு வைத்திருந்தார். வலது கையில் ஒரே ஒரு விரலால் மீட்டினார். நீங்கள் கேட்கும் எத்தனையோ பேஸ்காரர்களுக்கு அவர்தான் ஆசான்.

ஃப்ளாட்வவுண்ட் விலை கூடுதல் என்பது உண்மை. ஆனால் வருஷக்கணக்கில் நிற்கும். வேதாரண்யத்தில் கணக்குப் பார்த்தால் அதுதான் மலிவு. போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய மாதிரியில் தலையில் சுருதி சேர்க்கும் திருகாணித் தண்டின் நடுவில் துளை இருக்கும், கம்பியின் நுனி அதற்குள் இறங்க வேண்டும். தண்டைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டு, முதலில் கம்பியை அங்கே செங்குத்தாக வளையுங்கள். வளைவுக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். வளைக்காமல் வெட்டினால் சுற்று நெகிழ்ந்து கம்பி புதிதிலேயே உயிரிழந்துவிடும். நுனியைத் துளைக்குள் இறக்கி, சுற்று ஒவ்வொன்றும் முந்தைய சுற்றுக்குக் கீழே வருமாறு இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் கம்பியின் மேலும் அடியிலும் துணியால் துடைத்துவிட்டு உறையில் வையுங்கள். மற்றவர்கள் ஒயர் சுருட்டி முடிப்பதற்குள் இது முடிந்துவிடும்.

அடுத்தது செட்டப். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தஞ்சாவூரில் வீணைக்கு மேளம் கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பலா மரத்தைக் குடைந்து, இழைத்து, யாளி முகம் செதுக்கி முடித்த பிறகும் அது வீணை ஆகிவிடாது. தண்டியின் மேல் மெழுகு வார்த்து, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு, ஸ்வரம் சரியாக வரும் இடத்தில் பதிக்க வேண்டும். மெழுகு இளகினாலோ மெட்டு தேய்ந்தாலோ மறுபடி கட்ட வேண்டும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெருமையில் பாதியை மேளம் கட்டுகிறவரின் காதுக்குக் கொடுக்கலாம். பேஸ் கிட்டாரில் ஃப்ரெட்டை இடம் மாற்ற முடியாது. மற்றபடி வேலையின் சாரம் ஒன்றுதான்: கருவி கடையில் முடிவதில்லை, வாசிக்கிற கைக்கும் இருக்கிற ஊருக்கும் ஏற்ப யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிக்க வேண்டும். வீணைக்கு நூற்றாண்டுகளாக அந்த ஆள் நம் டெல்டாவில் இருக்கிறார். பேஸுக்கு இன்னும் இல்லை.

வரிசை முக்கியம். புதுக் கம்பியைச் சுருதி சேர்த்து ஒரு நாள் விட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதலில் கழுத்து. அது ரூல்தடிபோல நேராக இருக்கக் கூடாது. கம்பி அதிர்வதற்கு நடுவில் இம்மியளவு குழிவு வேண்டும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு, ஏழு எட்டாவது ஃப்ரெட்டருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 0.35 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். அளக்கும் கருவிக்கு அலைய வேண்டாம். டூவீலர் மெக்கானிக் டாப்பெட் வைக்கப் பயன்படுத்தும் ஃபில்லர் கேஜில் அந்தத் தகடு இருக்கும், கேட்டால் தருவார். இடைவெளி கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை வலஞ்சுழியாக, குறைவாக இருந்தால் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்குமேல் கூடாது. திருப்பிவிட்டுச் சுருதி சேர்த்து மறுபடி அளங்கள். அசைய மறுத்தால் பலம் காட்டாதீர்கள்.

அசல் பழைய வடிவத்தில் இந்த ராடின் தலை கழுத்து உடம்போடு சேரும் பக்கம் ஒளிந்திருக்கும். கம்பியைத் தளர்த்தி, நான்கு திருகைக் கழற்றி, கழுத்தைத் தூக்கினால்தான் திருப்ப முடியும். இப்போது வரும் பலவற்றில் தலைப்பக்கத்திலேயே ஆலன் கீ போடும் துளை வைத்துவிடுகிறார்கள். நம் ஊருக்கு இரண்டாவதைத் தேடி வாங்குங்கள். ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் கழுத்து நகரும். எந்தப் பக்கம் நகரும் என்பது மரத்துக்கு மரம் வேறு. பருவத்துக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டியிருக்கும்போது ஒவ்வொரு தடவையும் கழுத்தைப் பிரித்துக்கொண்டிருக்க முடியாது.

கழுத்து சரியான பிறகுதான் கம்பியின் உயரம். 17-வது ஃப்ரெட்டில் அளந்தால், பழைய மாதிரிக்குத் தடித்த கம்பியில் 2.8, மெல்லிய கம்பியில் 2.4 மில்லிமீட்டர் என்று ஃபெண்டர் அளவு சொல்கிறது. பழைய விரல்பலகை அதிகம் வளைந்தது. நடுவிலுள்ள இரண்டு கம்பிகளும் அந்த வளைவை ஒட்டிச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். இவற்றைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு உங்கள் கைக்கேற்ப மாற்றுங்கள். அழுத்தி மீட்டுகிறவருக்கு உயரம் கூட வேண்டும். கம்பி எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு நல்லது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. மைக் செட்டில் ஃப்ரெட்டின் சலசலப்புதான் முதலில் கேட்கும், ஸ்வரம் பிறகுதான். உருளையின் சின்னத் திருகுகளுக்கு, திருப்புவதற்கு முன் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடையுங்கள். உப்பில் இறுகியதை வறட்டுத்தனமாகத் திருப்பினால் அதன் தலை மழுங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது.

பிறகு சுருதி. 12-வது ஃப்ரெட்டின் மேல் விரலை மெல்ல வைத்து மீட்டும் ஒலியும் அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டும் ஒலியும் கைப்பேசி ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் உருளையைக் கழுத்தை விட்டுப் பின்னே தள்ளுங்கள், இறங்கி ஒலித்தால் முன்னே. 1951 மாதிரியை அப்படியே பின்பற்றியவற்றில் நான்கு கம்பிக்கு இரண்டே உருளை. இரண்டு கம்பிக்கு நடுவே சமாதானம் செய்துகொள்ளத்தான் முடியும். அழகுக்காக அதை வாங்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பிக்கப்பின் உயரத்தைக் கடைசியில் வையுங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் கம்பிக்கும் பிக்கப்புக்கும் 3 மில்லிமீட்டர் அளவில் தொடங்கி, நான்கு கம்பியும் ஒரே சத்தமாக வரும்வரை காதால் சரிசெய்யுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்தவை. ஜெனரேட்டர் மேடையில் எர்த் சரியில்லை என்றால், கம்பியில் கை, மைக்கில் உதடு என்று நிற்கும்போது ஷாக் அடிக்கும். மேடை ஏறியதும் டெஸ்டரைக் கம்பியிலும் மைக்கின் வலையிலும் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் எலெக்ட்ரீஷியன் சரிசெய்யும்வரை கருவியைத் தொடாதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் சரி.

கருவியைப் பற்றிச் சொல்லியாயிற்று, இனி வாசிப்பு. நம் வேதாரண்யேஸ்வரர் கோயிலில் அம்மனுக்கு யாழைப் பழித்த மொழியம்மை என்று பெயர். அம்மனின் குரலுக்கு முன் யாழும் நில்லாது என்பதால் இங்குள்ள சரஸ்வதியின் கையில் வீணை இல்லை, சுவடிதான் இருக்கிறது. பேஸ் எடுக்கும் பிள்ளைகள் ஒருமுறை அந்தச் சன்னதியில் நின்றுவிட்டு வாருங்கள். பாடுகிற குரலுக்கு இடம்விட்டு வாசிப்பதுதான் பேஸ். இடம்விட்டு வாசித்தும் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு, 1987-ல் வந்த ‘ரெட்டை வால் குருவி’ படத்தின் ‘ராஜ ராஜ சோழன் நான்’ பாடலை ஹெட்ஃபோனில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். குரல் ஒரு வழி போக, அடியில் இன்னொரு ராகப் பாதை நடக்கும்; இரண்டும் ஓரிடத்திலும் மோதாது. இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரன், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ், பிறகு வந்த மோகினி டே என்று தமிழ்ப் பாட்டுக்குள் பேஸுக்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. பாட்டின் பெயரைச் சொல்லும் நாம் இவர்கள் பெயரையும் சொல்லப் பழக வேண்டும்.

இதை எழுதத் தூண்டிய கவலையையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் குழுக்களில் பேஸ்காரரின் நாற்காலி குறைந்துகொண்டே வருகிறது. கீபோர்டுக்காரர் இடது கையிலேயே பேஸைப் போட்டுவிடுகிறார், இல்லையென்றால் முன்பே பதிவுசெய்த டிராக்கில் ஓடிவிடுகிறது. ஒரு ஆள் சம்பளம் மிச்சம் என்பது குழு நடத்துகிறவரின் நியாயம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாடகர் பல்லவியை இன்னொரு முறை எடுத்தால் டிராக் காத்திருக்காது. உடன் நிற்கும் மனிதர் காத்திருப்பார். அந்த மனிதர் வேண்டும் என்று குழுத் தலைவர்களே கேட்கும் அளவுக்கு நீங்கள் வாசிக்க வேண்டும். அதற்குச் சுருதி விலகாத, இரையாத, கை வலிக்காத கருவி முதலில் வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தனித்தனியே ஆலன் கீயும் கேஜும் வாங்க வேண்டாம். ஊருக்கு ஒரு பெட்டி போதும்: ஃபில்லர் கேஜ், ஆலன் கீ செட், அரை மில்லிமீட்டர் வரை காட்டும் இரும்பு ஸ்கேல், கம்பி வெட்டும் கட்டர், டெஸ்டர், காண்டாக்ட் கிளீனர், தையல் மெஷின் எண்ணெய். உங்களில் இரண்டு பேர் இந்த வேலையை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஆகஸ்ட் 29-ல் கொடி ஏறும். அதற்கு முந்தைய ஞாயிறுகளில் உங்கள் பேஸ்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். துருப்பிடித்ததாக இருந்தாலும் கழுத்து வளைந்ததாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். எனக்குத் தெரிந்த அத்தனையையும் சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர் பேஸ் கிட்டார் அண்ணன்,
வேதாரண்யம்.